ஆடி போகட்டும், ஓட்ஸ் வேகட்டும்

ஆகஸ்ட் 9, சனி

மனித இதயத்தில் நான்கு வால்வுகள் இருக்கின்றனவாம். அவற்றில் எனக்கு ஒன்று, உப்புத் தண்ணீர் ஓடிய குழாயைப் போல உள்ளே பொரிந்து குறுகிவிட்டது என்று டாக்டர் நிவேதன் படம் வரைந்து காட்டினார். படம் சகிக்கவில்லை. இவர் வயதுக்காரர்களின் அம்மாக்களுக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன். அவர்களும் இப்படித்தான் வரைபடத்தில் இந்தியாவைக் கத்தரிக்காய் மாதிரி வரைவார்கள்.

மார்பைத் திறந்து வால்வை மாற்ற வேண்டும், தள்ளிப்போட்டால் ஆபத்து, படி ஏறும்போது மூச்சு வாங்குவது அதனால்தான் என்றார். மூச்சு வாங்குவதற்குக் காரணம் எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் பாதி நாள் ஓடாததுதான் என்று நான் விளக்கினேன். கேட்டுக்கொண்டே எழுதினார். நான் சொன்னதை எழுதவில்லை.

"எப்ப வெச்சுக்கலாங்க மேடம்?"

"ஆடி போகட்டுங்க" என்றேன்.

ஈரோட்டுப் பெண்கள் கல்லூரியில் ஆயுள் முழுக்க வரலாறு நடத்தியவள் நான். ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது என்பது வடிகட்டின மூடத்தனம் என்று ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் அது நல்ல காரியங்களைப் பற்றிச் சொன்னது. நெஞ்செலும்பை அறுப்பது அந்த வகையில் வருமா என்று தெளிவாகாததால் ஆடியையே பிடித்துக்கொண்டேன்.

என் கணவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆடி முடிய இன்னும் எவ்வளவு என்று எண்ணுகிறார் போலிருக்கிறது. எண்ணுவதில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது.


ஆகஸ்ட் 11, திங்கள்

ஆபரேஷனுக்கு நான் தயார். வீடுதான் தயாரில்லை.

வீடு என்றால் அர்த்தநாரி. பெயரில் பாதி பெண்ணை வைத்திருந்தும் கல்யாணமான நாளிலிருந்து அடுப்படிக்குள் தண்ணீர் குடிக்க மட்டுமே வந்தவர். எடையளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றார். கடைத்தெருவில் இவர் நிழல் தெரிந்தால் தராசுகள் தாமாகவே நேராகும் என்று அவரே சொல்லக் கேட்டிருக்கிறேன். உலகத்தில் உள்ள எல்லாவற்றின் எடையும் தெரியும். எது வெந்திருக்கிறது, எது வேகவில்லை என்று மட்டும் தெரியாது.

இவரை இப்படியே விட்டுவிட்டு நான் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொள்ள முடியாது. ஆகவே இன்று ஒரு நிபந்தனை வைத்தேன். ஒரே ஒரு காலைச் சாப்பாடு. அதை யார் உதவியும் இல்லாமல், குறையில்லாமல் செய்து காட்டட்டும். மறுநாளே தேதி வாங்கிவிடலாம்.

புனேயிலிருக்கும் மகள் மாலினி போனில் கேட்டாள்.

"சமையலுக்கு ஒரு ஆள் வெச்சுக்கலாமேம்மா?"

"உங்கப்பாவுக்கு ஆள் வெச்சுச் சமைக்கலாம். உங்கப்பாவையே ஆளா மாத்த முடியுமான்னுதான் பாக்கறேன்."

இட்லி என்றால் மாவு பொங்க வேண்டும். தோசை என்றால் திருப்ப வேண்டும். உப்புமாவுக்குக் கிளறுகிற கை வேண்டும். எல்லாவற்றுக்கும் கண் வேண்டும். யோசித்துப் பார்த்து மாலினி ஒன்று சொன்னாள்: ஓட்ஸில் பாலும் பழமும் முட்டையும் மசாலாப் பொடியும் கலந்து ஓவனுக்குள் வைத்துவிட வேண்டும். வெந்ததும் ஓவனே மணி அடிக்கும். சர்க்கரை இல்லை, வெண்ணெய் இல்லை, உடம்புக்கு நல்லது.

ஓட்ஸ் குதிரைத் தீனி. சீமையில் குதிரைகள் எல்லாம் கார்களாக மாறிய பிறகு மிஞ்சிய தீனியைக் கொட்ட மனமில்லாமல் டப்பாவில் அடைத்து நமக்கு அனுப்புகிறார்கள் என்பது என் கட்சி. ஆனாலும் மணி அடிக்கும் என்பது என்னைக் கவர்ந்தது. அரசு ஊழியருக்கு மணி புரியும்.


ஆகஸ்ட் 14, வியாழன்

இன்று முதல் முயற்சி. ஓட்ஸ் வரைக்கும் போகவில்லை.

மாலினி போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்கு வாங்கித் தந்த ஓவன் அது. தந்த வாரத்திலிருந்து அதற்குள் அப்பளம், வடகம், மோர் மிளகாய், இரண்டு பிளாஸ்டிக் டப்பா, பழைய மிக்ஸி ஜாரின் மூடி எல்லாம் குடியிருக்கின்றன. எறும்பு வராது, எலி வராது, கண்ணாடிக் கதவு வழியாக என்ன இருக்கிறது என்றும் தெரியும். இந்த ஊரில் ஓவன் வாங்கிய எல்லா வீட்டிலும் அது இந்தப் பதவியில்தான் இருக்கிறது.

மாலினி போனில் சொல்ல அவர் சீட்டில் எழுதிக்கொண்ட செய்முறையில் முதல் வரி: ஓவனைச் சூடு பண்ணவும். பண்ணினார்.

நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். முதலில் நல்ல வாசனைதான் வந்தது, அப்பளம் அல்லவா. பிறகு பிளாஸ்டிக். கீழ்வீட்டு விசாலாட்சி மேலே ஓடி வந்து கதவைத் தட்டினாள்.

"ஏனுங்கக்கா, ஹோமம் ஏதாச்சும் பண்றீங்களா?"

"ஆமா. அண்ணன் கிரகப்பிரவேசம் பண்றாரு, அடுப்படிக்கு."

உள்ளே அவர் இடுக்கியைப் பிடித்தபடி நின்றிருந்தார். டப்பா உருகி மோர் மிளகாயின் மேல் சால்வை போர்த்தியிருந்தது.

"ஏனுங்க, கதவு கண்ணாடிதானுங்க?" என்றேன்.

"சூடு பண்ணச் சொல்லித்தான் போட்டிருந்துது. உள்ள பாக்கச் சொல்லிப் போடலியே."

வேகமாக எழுந்து வந்ததில் நான் அடுப்படித் தரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். தரை நல்ல குளிர்ச்சி. அவர் ஓவனை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். புகைகிற பொருளைப் பாருங்கள் என்று சொன்னேன். சொல்வதற்குச் சற்று நேரம் பிடித்தது.


ஆகஸ்ட் 18, திங்கள்

ஆடி போய்விட்டது. இன்று ஆவணி இரண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, டாக்டர் தேதி கேட்கச் சொன்னார் என்றாள். வீட்டுக்காரர் இன்னும் தேறவில்லை என்றேன். "அச்சோ, அவருக்கு என்னாச்சுங்க?" என்று பதறினாள். நல்ல பெண். நான் விளக்கப் போகவில்லை.

காலையில் பாடம்.

"பட்டைத்தூள் ஒரு சிட்டிகை" என்றேன்.

"சிட்டிகைன்னா எத்தனை கிராம்?"

"ரெண்டு வெரல்ல வர்ற அளவு."

"யார் வெரல்ல?"

இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாரும் கேட்டதும் இல்லை. அந்தச் சிட்டிகையில்தான் இத்தனை தலைமுறையும் சாப்பிட்டுப் பிழைத்திருக்கிறது.

பரண் மேலிருந்து ஒரு சின்னத் தராசை இறக்கினார். வெந்தயம் நிறுக்கிற அளவுக்குச் சின்னது. ஏலக்காயை நிறுத்தார். சுக்கை நிறுத்தார். கிராம்பையும் நிறுத்தார், ஆனால் பொடிக்காமல் முழுசாகப் போட்டுவிட்டார். மணி அடித்தது. வெளியே வந்த பொருள் சிமெண்ட் நிறத்தில் இருந்தது. முதல் கரண்டியிலேயே ஒரு கிராம்பைக் கடித்தேன். நாக்கு மதியம் வரை மரத்துக் கிடந்தது. அவர் அதை ஒரு வசதியாகக் கருதியிருக்கலாம்.


ஆகஸ்ட் 23, சனி

இன்று கிராம்பைப் பொடித்தார். பட்டையையும் பொடித்தார். சோம்பு, மிளகு, ஜாதிக்காய் என்று கண்ணில் பட்டதை எல்லாம் பொடித்தார். வீடு முழுக்கப் பிரியாணி வாசனை. தட்டைப் பார்த்தால் பால்சோறு. கண்ணும் மூக்கும் ஒன்றையொன்று பொய்யன் என்று சொல்லிக்கொண்டிருக்க, நடுவில் வாய் என்ன செய்யும்?

"மசாலா எச்சா இருக்குது" என்றேன்.

"எத்தனை எச்சா?"

"தின்ன முடியாத அளவுக்கு."

இதை அவர் சீட்டில் எழுதிக்கொள்ளாததுதான் குறை. ஆனால் முழுத் தட்டையும் அவரே சாப்பிட்டுத் தீர்த்தார். விரோதிகூட இவ்வளவு விசுவாசமாகத் தண்டனையை ஏற்றுக்கொண்டு நான் பார்த்ததில்லை.


ஆகஸ்ட் 26, செவ்வாய்

வெயில் அதிகமென்று துணி காயப்போட நான் மொட்டை மாடிக்குப் போகவில்லை. அவர் போனார். மழையில் நனைந்துகொண்டு திரும்பி வந்தார்.


செப்டம்பர் 2, செவ்வாய்

ஒரு சங்கடம்.

காலையில் மணி அடித்தது. தட்டை வெளியே எடுத்தார். மேலே ரொட்டியின் நிறத்தில் மெல்லிய ஆடை, விரலால் தொட்டால் உள்ளே வாங்கி மறுபடி எழுகிறது. ஓரத்தில் பழம் பாகாகி ஒட்டியிருந்தது. ஏலக்காய் முதலில் வந்து, பட்டை பின்னால் வந்து, சுக்கு கடைசியில் தொண்டையில் நின்றது. பூவன்பழத்தின் இனிப்பே போதுமானதாக இருந்தது. குதிரைகள் முட்டாள்கள் இல்லை என்று தோன்றியது.

அவர் எதிரே உட்கார்ந்து, பரீட்சை முடிவுப் பலகையைப் பார்க்கிற பிள்ளையைப் போல என் வாயையே பார்த்தார்.

குறை சொல்ல ஒன்றும் இல்லாததால் தட்டைப் பற்றிச் சொன்னேன்.

"இந்தத் தட்டு போளிக்கு வெச்சிருக்கறது. இதுல எதுக்கு வெச்சீங்க?"

"தட்டு மாத்திட்டா சரியா?"

"தட்டு மட்டுமில்ல" என்றேன். வேறு என்ன என்று கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். ஆசிரியர்களுக்கு இந்த உரிமை உண்டு.


செப்டம்பர் 5, வெள்ளி

நேற்றைக்கு: நடுவில் ஈரம். இன்றைக்கு: நடுவில் ஈரம் போதவில்லை.

இதற்கிடையில் அவர் புகழ் பரவிவிட்டது. எங்கள் குடியிருப்பைச் சுற்றி விடிகாலையில் ஓய்வுபெற்ற ஆண்கள் ஒரு கூட்டமாக நடப்பார்கள். வெள்ளை ஷூ, கழுத்தில் துண்டு. சாமி பெயருக்குப் பதிலாகச் சர்க்கரை அளவைச் சொல்லி ஒருவரையொருவர் வணங்குவார்கள். உத்தியோகத்தில் இருந்தவரை எண்ணெய்ப் பலகாரம் தின்று, பென்ஷன் வந்ததும் ஞானம் வாங்கியவர்கள். மூன்று மாதம் ஆளிவிதை, மூன்று மாதம் வெந்தயத் தண்ணீர், மூன்று மாதம் ஏதோ ஓர் இலை. ஒவ்வொன்றையும் கண்டுபிடித்த மறுநாளே, அது இல்லாமல் இவ்வளவு நாள் நாம் எப்படி உயிரோடு இருந்தோம் என்று வியப்பார்கள். அந்தச் சபையில் என் கணவர் இன்று அரை மணி நேரம் ஓட்ஸ் பற்றிப் பேசியிருக்கிறார். விசாலாட்சியின் வீட்டுக்காரர் கேட்டு எழுதிக்கொண்டாராம்.

"எல்லாரும் உன் பேரைச் சொல்லித்தான் கேட்டாங்க" என்றார்.

"என் பேரு எதுக்கு?"

"உனக்காகத்தான் கத்துக்கறேன்னு சொன்னேன்."

தேவையில்லாத தகவல்களை வெளியே சொல்லக் கூடாது என்று கண்டித்தேன்.


செப்டம்பர் 9, செவ்வாய்

குளியலறையில் இருந்தபோது கரண்ட் போய்விட்டது. ஒரே இருட்டு. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்து, "எப்ப வந்துதுங்க கரண்டு?" என்று கேட்டேன். கரண்ட் போகவே இல்லை என்கிறார். ஒரு ஃபேஸ் மட்டும் போயிருக்கலாம்.

அதிலிருந்து குளியலறைக் கதவைத் தாழ் போடாதே என்கிறார். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து இது என்ன பேச்சு?

இன்றைய ஓட்ஸ்: சாப்பிட்டுவிட்டுச் சிங்க்கில் போட்ட பாத்திரத்தைக் கழுவினார், ஆனால் சிங்க்கைக் கழுவவில்லை. தேறவில்லை.


செப்டம்பர் 14, ஞாயிறு

அவமானத்தை ஆற அமர எழுத வேண்டும். அதனால் மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

காலையில் நான் எழுந்தபோது எங்கள் அடுப்படி சுத்தமாக, குளிர்ந்து கிடந்தது. "இன்னிக்கு ஞாயித்துக்கெழம, லீவு" என்றார். எட்டு மணி வாக்கில் விசாலாட்சி நீலக் கரை போட்ட பீங்கான் தட்டை ஏந்திக்கொண்டு வந்தாள்.

"அக்கா, அண்ணனைக் கேட்டு எங்கூட்டுலயும் செஞ்சமுங்க. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

விசாலாட்சி வைக்கும் சாம்பாரை நான் அறிவேன். ஆகவே ஒன்றும் எதிர்பார்க்காமல் ஒரு கரண்டி எடுத்தேன். இரண்டாவது கரண்டியும் எடுத்தேன். என் கணவர் சோபாவில் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். இப்படி ஒரு வாய்ப்பு அடிக்கடி வராது.

"இங்க பாருங்க" என்றேன். "இதுக்குப் பேருதான் கைப்பக்குவம். மசாலா இருக்குது, முன்னால வந்து நிக்கல. மேல மொறுமொறுப்பு, உள்ள மெத்துனு இருக்குது. எத்தனை நாளா நான் தலையால தண்ணி குடிச்சுச் சொல்றேன்? இதைத்தான். இதுல ஒரு குறை சொல்லுங்க பாக்கலாம்."

"நான் சொல்லலியே" என்றது பேப்பர்.

"விசாலாட்சி, இவருக்குக் கொஞ்சம் சொல்லிக் குடு."

விசாலாட்சி சீலிங் ஃபேனைப் பார்த்தாள். ஃபேன் ஓடவில்லை.

பேப்பர் மடிந்தது. "காலைல அஞ்சரைக்கு அவங்கூட்டு ஓவன்ல நாந்தான் வெச்சேன்" என்றார்.

"நான் தட்டு மட்டுந்தானுங்கக்கா" என்று சொல்லி விசாலாட்சி படியிறங்கி ஓடியே போய்விட்டாள்.

பிறகு எனக்குப் பாடம் நடந்தது. இவர் உத்தியோகத்தில் இருந்தபோது கடைக்கு நேராகப் போகமாட்டாராம். இவர் முகத்தைக் கண்டதும் எல்லா எடையும் சரியாகிவிடும். முன்பின் தெரியாத ஒருவரை அனுப்பி ஒரு கிலோ பருப்பு வாங்கச் சொல்வார். வாங்கிய பிறகு உள்ளே போய் அதே பருப்பை நிறுப்பார்.

"ஆளைப் பாத்து நிறுக்கறவங்கள அப்பிடித்தான் புடிக்க முடியும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எரிச்சல்.

மீதித் தட்டை நான் தொடவில்லை. தொடவில்லை என்றால், உடனே தொடவில்லை.


செப்டம்பர் 17, புதன்

இன்று புரட்டாசி ஒன்று.

காலையில் குளித்துவிட்டு நெற்றியில் பட்டையாகத் திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் ஓவனுக்குப் பக்கத்தில் முட்டையை உடைக்கப் போனார்.

"புரட்டாசில முட்டையா?" என்றேன்.

"எப்ப இருந்து?"

"இந்த மாசம் முச்சூடும் கவுச்சி ஆகாது. முட்டையில்லாம உங்களுக்கு இது வராது. அதனால புரட்டாசி போகட்டும். அப்பறம் தீபாவளி வருது. தீபாவளிக்கு மாலினி வருவா, அவ வர்ற நேரத்துல நான் படுத்துக் கெடக்க முடியுமா? அது முடிஞ்சு பாத்துக்கலாம்."

அவர் மாலினியைப் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, மேஜை மேல் வைத்தார். இது இவர் உத்தியோகப் பழக்கம். சாட்சி இல்லாமல் எதுவும் செய்யமாட்டார்.

"அம்மா, நீ எப்பம்மா புரட்டாசி புடிச்ச? போன புரட்டாசிக்கு இங்க வந்து மட்டன் பிரியாணி கேட்டு வாங்கித் தின்ன."

"அது வேற மாநிலம்."

"அம்மா!"

"கத்தாத கண்ணு. கோயிலுக்குப் போற நேரத்துல."

"நீ கோயிலுக்கா?"

என் பிள்ளை சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் நடுவில் எங்கேயோ மூக்கை உறிஞ்சினாள். புனேயில் இப்போது மழை. ஜலதோஷமாக இருக்கும்.

அவர் முட்டையைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைத்தார்.

"எத்தனையோ கடை பாத்துட்டேன் சுலோ. எடைக்கல்லுல சிக்குனவன் ஒவ்வொருத்தனும் அதுக்கப்பறந்தான் சாமி பேரை எடுப்பான்."

வரலாற்றில் தோற்ற அரசர்கள் எல்லாரும் கடைசியில் கோயில் கட்டினார்கள் என்று நானே நடத்தியிருக்கிறேன். அதை இவரிடம் எப்போதோ சொல்லித் தொலைத்துவிட்டேன் போலிருக்கிறது.


செப்டம்பர் 18, வியாழன்

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தேன். சமீப காலமாக மூன்று தலையணை வைத்தால்தான் வசதியாக இருக்கிறது, மெத்தை பழசாகிவிட்டது. அவர் வந்து கால்மாட்டில் உட்கார்ந்தார்.

"பயமா இருக்குதா புள்ள?"

"யாருக்கு?"

"எனக்கு இருக்குது" என்றார்.

இது முறையான பதில் அல்ல. வாதத்தில் ஒருவர் தாக்கினால் தடுக்கலாம், ஓடினால் துரத்தலாம். இப்படி ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்கிற மனிதரை என்ன செய்வது? நான் நிறையப் போர்கள் நடத்தியிருக்கிறேன், பாடமாக. எதிலும் இதற்கு விடை இல்லை.

"உங்களுக்கு என்ன பயம்? நீங்கதான் ஓட்ஸ் பண்ணக் கத்துக்கிட்டீங்களே."

"கத்துக்கிட்டேனா?"

வாய் தவறி வந்துவிட்டது. திரும்ப வாங்க முடியவில்லை.

"அன்னிக்குக் கீழ்வீட்டுத் தட்டுல செஞ்சது நல்லாருந்துது" என்றேன். "அதுக்கு முன்னாடி நம்ம தட்டுலயும்."

"எந்தத் தேதில?"

"செப்டம்பர் ரெண்டு."

அவர் தலையை ஆட்டினார். எழுந்து போய் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினார். அவர் பேசுவது அடுப்படியிலிருந்து கேட்டது. "ஆமாங்க, அவங்களேதான் சொல்லச் சொன்னாங்க" என்றார். நான் சொல்லச் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற அரசு ஊழியர், இப்படிப் பொய் சொல்கிறார்.

நான் எழுந்து போய் மறுக்கவில்லை. அங்கே போக ஏழெட்டு அடி நடக்க வேண்டும்.


செப்டம்பர் 19, வெள்ளி

இருபத்தைந்தாம் தேதி காலை ஆபரேஷன். டாக்டர் நிவேதன் போனில் நன்றி சொன்னார். எதற்கென்று தெரியவில்லை. மார்பு என்னுடையது.


செப்டம்பர் 22, திங்கள்

மாலினி வந்துவிட்டாள். வந்ததும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை. அவளுக்கு அப்பா ஓட்ஸ் செய்து கொடுத்தார், முட்டையில்லாமல். அப்பளம் போலத் தட்டையாக வந்தது. "பாத்தியா, நான் சொல்லல?" என்றேன். நெடுநாளைக்குப் பிறகு ஒரு நியாயமான குறை. இருவரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நான் தேதியை மாற்றச் சொல்லப் போகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

சொல்லவில்லை. சும்மா சொன்னேன், அவ்வளவுதான்.


செப்டம்பர் 24, புதன்

ஆஸ்பத்திரி. சுவரில் அருவிப் படம். நோயாளி சீக்கிரம் குணமாகி இங்கிருந்து தப்பிக்க நினைக்க வேண்டும் என்று திட்டமிட்டே மாட்டியிருக்கிறார்கள். ராத்திரிச் சாப்பாடாக வந்த கஞ்சியைப் பார்த்தபோது எங்கள் வீட்டு முதல் ஓட்ஸ் மேல் எனக்கு மரியாதை வந்தது.

துணைக்கு ஒருவர்தான் தங்கலாம். மாலினி தங்குகிறாள். அவரை வீட்டுக்கு அனுப்பினோம். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, என் செருப்பை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன். "இங்க தொலைஞ்சு போயிரும். டிஸ்சார்ஜ் அன்னிக்குக் கொண்டாறேன்" என்றார். செருப்புத் திருடுகிற அளவுக்கு இந்த ஆஸ்பத்திரிக்கு வருமானம் குறைவாகத் தெரியவில்லை. ஆனாலும் கொண்டுபோகட்டும் என்று விட்டேன்.


செப்டம்பர் 25, வியாழன்

எனக்கு விடிந்ததிலிருந்து தண்ணீர்கூடக் கிடையாது. பச்சை அங்கி போட்டு, வளையலைக் கழற்றி, தலைமுடியை ஒரு துணிப்பையில் அடைத்துவிட்டார்கள். எந்தப் பேரரசியும் இந்தக் கோலத்தில் முடிசூடியதில்லை.

அவர் வந்தார். கையில் எவர்சில்வர் டப்பா. மாலினிக்குக் காலைச் சாப்பாடு என்றார். கட்டிலுக்குப் பக்கத்திலேயே திறந்தார். வாசனை வந்தது. எட்டிப் பார்த்தேன். பஞ்சு போல எழும்பி, மேலே அழகாக வெடித்திருந்தது. திங்கட்கிழமை அப்பளம் இல்லை இது.

"முட்டை போட்டீங்களா?"

"புரட்டாசிதானே? போடல."

"அப்ப எப்பிடி இப்பிடி உப்புச்சு? தயிரா?"

இல்லை என்று தலையாட்டினார்.

"எளநீ? மாலினி, நீ தின்னு பாத்துச் சொல்லு."

"தெரியலம்மா. ஆனா சூப்பரா இருக்குது" என்றாள், வாய் நிறைய. மூன்று தலைமுறை ருசி பார்த்த குடும்பத்தில் பிறந்து இவளுக்கு நாக்கு இல்லை.

வாசனையில் இன்னொன்றும் இருக்கிறது. ஏலக்காய் இல்லை, பட்டை இல்லை, ஜாதிக்காய் இல்லை. நான் சொல்லிக் கொடுத்த எதுவும் இல்லை. சொல்லுங்கள் என்றேன். அதட்டினேன்.

"நீயே வந்து தின்னு பாத்துச் சொல்லு" என்று டப்பாவை மூடிவிட்டார். சரியாக மூடியிருக்கிறதா என்று இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். வயசாகிறது.

நர்ஸ் வந்து தள்ளுவண்டி தயார் என்கிறாள். இந்த நோட்டை மாலினியிடம் கொடுக்க வேண்டும்.

என் அடுப்படியில், என் பாத்திரத்தில், எனக்குத் தெரியாமல் ஒரு பொருள் உள்ளே போயிருக்கிறது. கேட்டால் பதில் இல்லை. இதை இப்படியே விட்டுவிட முடியாது.